காணாமல்போன நாலு இழைகள்

"மூணு பேர். ஒரு படகு. ஒரு விமானம். அதுவும் ஒரே தடவைதான் பறக்கும்," என்றார் நிலையத் தலைவர். "இதுக்கு மேல நான் என்ன மேடம் சொல்ல?"

"எத்தனை மணிக்குள்ள பறக்கணும்னு சொல்லலாம்," என்றார் வக்கீலம்மா.

"நாலரை. அதுக்கப்புறம் கிளம்பினா வெளிச்சம் பத்தாது. ராத்திரி புயல் வருது. நாளைக்குத் தேடினா..."

தலைவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. படகில் போன மூன்று பேரில் ஒருவனின் அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது முடித்துவிட்ட கண்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று நாற்பது.

கடல் வானிலை நிலையத்தின் மூன்றாவது மாடி அது. வக்கீலம்மா பதினோரு வருடம் கோர்ட்டில் வாதாடிவிட்டு, உண்மையைத் தேடுவதற்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை என்று கறுப்புக் கோட்டைக் கழற்றி எறிந்து துப்பறிய வந்தவர். பக்கத்தில் அவருடைய உதவியாளன் தந்தி. எந்தச் செய்தியும் அவன் வாயில் அரை நிமிஷத்துக்கு மேல் தங்காது என்பதால் அந்தப் பெயர். நாற்பது வயதாகியும் தங்கவில்லை.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படகோட எஞ்சின் நின்னுடுச்சு," என்றாள் அக்கா. "அஞ்சரைக்கு ரேடியோவும் போச்சு. அப்ப எங்க இருந்தாங்கன்னு தெரியும். இப்ப எங்க இருக்காங்கன்னு கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும். அந்தக் கணக்கு ப்ரோக்ராமை ஓட்டறது நான்தான்."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடல் இருக்கு மேடம். அதுல பத்தாயிரம் பொய்ப் படகை விடுவோம். காத்து எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம்னு மூட்டை மூட்டையா விவரம் குடுத்துட்டே இருப்போம். பொய்ப் படகுங்க எங்க போய்க் கும்பல் சேருதோ, நிஜப் படகும் அங்கதான் இருக்கும். வழக்கமா நாப்பது நிமிஷத்துல முடிஞ்சிடும். இன்னிக்குக் காலையில ஒன்பது பத்துக்கு ஆரம்பிச்சேன்."

"இப்ப எவ்வளவு ஆகியிருக்கு?"

"முப்பத்தொரு சதவீதம்."

தந்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். முகம் மாறியது. "முடியறதுக்கு ராத்திரி பன்னிரண்டு ஆயிடும்."

"இதை ஓட்ட வேற மெஷின் கிடையாது," என்றார் தலைவர். "கணக்கு இல்லாம விமானத்தை அனுப்பினா, வடக்கா தெற்கான்னுகூடத் தெரியாம ஒன்றரை மணி நேரம் தண்ணியைப் பார்த்துட்டுத் திரும்பி வரும். இது தானா நடந்தது இல்லை மேடம். அவன் வேலை."

"யாரு?"

"சித்தப்பா."

"உங்க சித்தப்பாவா?"

"ஆபீஸுக்கே சித்தப்பா," என்றாள் அக்கா. "முப்பத்தாறு வயசுலயே தலை பூரா நரைச்சிடுச்சு. இந்த ப்ரோக்ராமை எழுதினவர் அவர்தான்."

"திங்கட்கிழமை வேலையை விட்டு அனுப்பினேன். இன்னிக்கு வியாழன். மூணே நாள்ல பழி வாங்கிட்டான்," என்றார் தலைவர்.

"ஏன் அனுப்பினீங்க?"

"திருட்டு!" தலைவர் எழுந்து கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குளிர் அறையைக் காட்டினார். உள்ளே ஆள் உயர அலமாரி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. "அதுல இருக்கறது மெயின் கம்ப்யூட்டர். அதுக்குள்ள துணைக்குன்னு ஒரு கார்டு சொருகியிருக்கு. கஷ்டமான கணக்கையெல்லாம் மெயின் கம்ப்யூட்டர் அந்தக் கார்டுகிட்ட தள்ளிடும். கார்டுக்குள்ள அறுபது அறை, அறைக்கு நாலு ஆள்னு வெச்சுக்குங்க. நாங்க த்ரெட்டுன்னு சொல்லுவோம்."

"தமிழ்ல இழைன்னு எங்கயோ படிச்சிருக்கேன்," என்றார் வக்கீலம்மா.

"இருநூத்தி நாப்பது இழை ஒரே நேரத்துல வேலை செய்யணும். எண்ணிப் பார்த்தேன். இருநூத்தி முப்பத்தாறுதான் இருக்கு! நாலை எங்கயோ ஒளிச்சு வெச்சு சொந்த வேலை வாங்கியிருக்கான். கேட்டா, 'அந்த நாலு பேரும் சும்மா இருக்கணும் சார்'ங்கறான். இவ்வளவு விலை குடுத்து வாங்கின கார்டுல நாலு பேர் சும்மா இருக்கறதா?"

"நாலு பேர் சும்மா இருக்காத ஆபீஸை நான் இன்னும் பார்த்ததில்லை சார்," என்றான் தந்தி.

வக்கீலம்மாவின் செருப்பு அவன் காலை மிதித்தது.

"அவன் போன் அணைஞ்சு கிடக்கு. வீடு பூட்டியிருக்கு. போலீஸ்ல சாயங்காலம் பார்க்கறோம்ங்கறாங்க. என்ன பண்ணி வெச்சான்னு அவன் வாயாலயே சொல்ல வெச்சாத்தான் மேடம் சரி பண்ண முடியும். கண்டுபிடிச்சுக் குடுங்க."

வக்கீலம்மா அக்காவிடம் திரும்பினார். "ப்ரோக்ராம் ஓட ஆரம்பிக்கறப்ப திரையில ஏதாவது எழுதிக் காட்டுமா?"

"நாப்பது வரி காட்டும். யாரும் படிக்கறதில்லை."

"இன்னிக்குக் காட்டினதை அச்செடுத்துக் குடுங்க. நல்லா ஓடின நாள் எது?"

"செவ்வாயும் நல்லா ஓடுச்சு. புதனும் நல்லா ஓடுச்சு."

"செவ்வாய்க்கிழமையோடதும் ஒண்ணு."

அக்கா இரண்டு தாள்களை நீட்டினாள். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன் மேடம். அவனுக்காக எதையும் நான் மிச்சம் வைக்கலை."

*

சித்தப்பாவின் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. தந்தி அதை இழுத்துப் பார்த்தான்.

"ஓடிட்டான் வக்கீலம்மா. இந்நேரம் ஊர் எல்லையைத் தாண்டியிருப்பான்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஈரக் கையோடு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரைத் தேடறீங்க?"

"உங்க எதிர்வீட்டுக்காரரை. காலையில பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. அயர்ன் பாக்ஸ் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. ஒரு டையை அரை மணி நேரம் தேய்ச்சாரு. அதுக்குக் கை கால் இருந்திருந்தா எழுந்து ஓடியிருக்கும்."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "கையில பெட்டி இருந்துச்சா?"

"பெட்டி இல்லை. ஒரு ஃபைல்தான். ரெண்டு மணிக்குப் போகணும்னு சொன்னாரு. லிஃப்ட் ஓடணும்னு வேண்டிக்குங்க, பன்னிரண்டு மாடி ஏறினா சட்டை நனைஞ்சிடும்னு சொல்லிட்டுப் போனாரு."

படியில் இறங்கும்போதே வக்கீலம்மா பேசினார். "ஓடிப் போறவன் டையைத் தேய்க்க மாட்டான் தந்தி. டை, ஃபைல், ரெண்டு மணி, அணைச்சு வெச்ச போன். என்ன தெரியுது?"

"கல்யாணம்?"

"இன்டர்வியூ!"

"ரெண்டுக்கும் பயம் ஒண்ணுதான்," என்றான் தந்தி. "ஆனா எந்த ஆபீஸ்னு எப்படித் தேடறது?"

"ஊர்ல பன்னிரண்டு மாடி எத்தனை?"

"ரெண்டு." காரின் சாவியைத் திருகிக்கொண்டே சொன்னான். "ஒண்ணுல இன்னும் ஏழாவது மாடிதான் கட்டிட்டு இருக்காங்க."

மணி இரண்டு பத்து.

வழியில் மூன்று சிக்னல். மூன்றும் சிவப்பு. வக்கீலம்மா மடியில் இரண்டு தாள்களையும் விரித்து வரி வரியாக விரலை ஓட்டினார். ஒரு எழுத்தும் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு சாட்சிகள் ஒரே சம்பவத்தைச் சொல்லும்போது கதையைக் கேட்கக் கூடாது, எங்கே மாறுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். அதை மட்டும் கோர்ட் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

முப்பத்தி மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"கார்டு, இழைகள். செவ்வாய்க்கிழமை இருநூத்தி முப்பத்தாறு. இன்னிக்கு இருநூத்தி நாப்பது."

"அப்ப காணாமல்போன நாலு பேரும் வந்துட்டாங்க. நல்ல விஷயம்தானே?"

"நாலு பேர் வந்து சேர்ந்த அன்னிக்குத்தான் வேலை படுத்துடுச்சு. வண்டியை விரட்டு."

*

பன்னிரண்டாவது மாடி. கண்ணாடி அறை. உள்ளே மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே நரைத்த தலை, கத்திமுனை மாதிரி மடிப்புள்ள டை.

"உள்ள போக முடியாதுங்க," என்று வரவேற்பறைப் பெண் குறுக்கே வந்தாள். "முடிய இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

"எங்ககிட்ட இருபது நிமிஷம் இல்லம்மா."

வக்கீலம்மா உள்ளே போகவில்லை. இரண்டு தாள்களையும் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். முப்பத்தி மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

சித்தப்பா திரும்பினார். முதலில் கோபம். பிறகு கண்ணைச் சுருக்கினார். பிறகு முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. பதிலைப் பாதியில் விட்டுவிட்டு, நாற்காலியைக்கூடப் பின்னால் தள்ளாமல் எழுந்து வெளியே வந்தார்.

"யாரு இருநூத்தி நாப்பது போட்டது?"

"நீங்கதான்னு சொல்றாங்க," என்றான் தந்தி.

"எனக்கென்ன பைத்தியமா? என்ன ஓடுது இப்ப?"

வக்கீலம்மா படகைச் சொன்னார். எஞ்சினைச் சொன்னார். அக்காவின் தம்பியைச் சொன்னார். சித்தப்பா பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு வருவான். வந்தா சும்மா நிக்க மாட்டான், ஆபீஸ்ல உடைஞ்ச நாற்காலியையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டுத்தான் போவான்."

"அந்த நாலு இழை எதுக்கு?"

"அது வேலைக்காரங்க இல்லைங்க. கதவு திறக்கறவங்க. மெயின் கம்ப்யூட்டர் மூட்டை மூட்டையா காத்து விவரம், நீரோட்ட விவரம் அனுப்பும். கார்டுக்குள்ள கடைசி அறையில இருக்கற அந்த நாலு பேர்தான் அதை வாங்கி மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். அவங்க தலையிலயும் கணக்கைத் தூக்கி வெச்சா கதவை யார் திறக்கறது? மெயின் தட்டிட்டே நிக்கும். உள்ள மிச்சப் பேர் எல்லாரும் மூட்டை வரலைன்னு கையைக் கட்டிட்டு நிப்பாங்க. இப்படி ஒரு தடவை இல்லை, ஆயிரக்கணக்கான தடவை."

"இதை உங்க தலைவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல வாயைத் திறந்தேன். 'சும்மா இருக்கணும்'ங்கற வார்த்தை காதுல விழுந்ததும் வெளிய போகச் சொல்லிட்டார்."

மணி இரண்டு முப்பத்தைந்து. வக்கீலம்மா தலைவரைப் போனில் பிடித்தார். இருநூற்று முப்பத்தாறு என்று மாற்றிப் புதிதாக ஓட்டச் சொன்னார்.

தலைவர் கத்தியது தந்திக்கே கேட்டது. "பொய் மேடம்! இருநூத்தி நாப்பதுன்னு திங்கட்கிழமையே நான் என் கையால போட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை நாப்பது நிமிஷத்துல ஓடுச்சு. புதன்கிழமையும் ஓடுச்சு. அது காரணமா இருந்தா அன்னிக்கே படுத்திருக்கணுமே? அவன் உங்களையும் ஏமாத்தறான். நேரத்தைக் கடத்தறான்!"

போன் கட்டானது.

தந்தி சித்தப்பாவை முறைத்தான். இவ்வளவு தூரம் விரட்டி வந்த ஒரே நூல் கையோடு அறுந்து வந்த மாதிரி இருந்தது. கடலில் மூன்று பேர். கையில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

வக்கீலம்மா மட்டும் தாளைப் பார்த்தார். "திங்கட்கிழமை உங்க தலைவர் போட்ட உத்தரவு, செவ்வாய்க்கிழமை கார்டுக்குப் போய்ச் சேரலையே. இங்க இருநூத்தி முப்பத்தாறுன்னுதானே இருக்கு?"

சித்தப்பா தாளைப் பிடுங்கினார். "எங்க போட்டார்? வெளிய, மெயின் செட்டிங்க்ஸ்ல போட்டிருப்பார். அது மெயின் கம்ப்யூட்டரோட சொந்த ஆளுங்களுக்கு மட்டும்தாங்க. கார்டு அதைக் காதுலயே வாங்காது. கார்டுக்குன்னு பேர் சொல்லித் தனியா உத்தரவு போடணும். இல்லாட்டி ப்ரோக்ராமுக்கு உள்ளயே போய், கார்டைக் குறிச்சு எழுதணும். இவர் மாடியில இருக்கறவனை வாசல்ல நின்னு அதட்டியிருக்கார்!"

"அப்ப செவ்வாயும் புதனும் அந்த நாலு பேர் சும்மாதான் இருந்திருக்காங்க."

"ஆமா. அதனாலதான் ஓடியிருக்கு. இன்னிக்குத்தான் யாரோ உள்ள போய் எழுதியிருக்காங்க."

"உள்ள போய் எழுதத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

சித்தப்பா குனிந்தார். டையின் நுனியைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"ரெண்டு பேர். ஒண்ணு நான். என் பாஸ்வேர்டை திங்கட்கிழமையே வெட்டிட்டாங்க."

தந்தியின் வாய் திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டது.

அவனுக்காக எதையும் நான் மிச்சம் வைக்கலை என்று சொன்ன குரல் வக்கீலம்மாவின் காதுக்குள் கேட்டது. மெதுவாக எண்களை அழுத்தினார்.

"அக்கா, நான்தான். உங்களைக் குத்தம் சொல்லக் கூப்பிடலை. காலையில ஒன்பது மணிக்கு ப்ரோக்ராமுக்குள்ள போய் ஒரு நம்பரை மாத்தினீங்களா?"

"மாத்தினேன் மேடம்." குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "அந்த நாலு பேர் இன்னும் வேலைக்கு வரலைன்னு காலையிலதான் பார்த்தேன். இன்னிக்காவது யாரும் சும்மா இருக்கக் கூடாதுன்னு... எல்லாரையும் இழுத்துப் போட்டேன். கூட ஆள் போட்டா எப்படி மேடம் மெதுவாகும்? அதனாலதான் சித்தப்பா வேற ஏதோ பண்ணிட்டார்னு நெனைச்சேன்."

"சித்தப்பா பக்கத்துலதான் இருக்கார். பேசுங்க."

சித்தப்பா போனை வாங்கினார். திட்டவில்லை. "அந்த வரியை எடுத்துடும்மா. பழைய நம்பரையே வை. முதல்ல இருந்து ஓட்டு."

"முப்பத்தஞ்சு சதவீதம் வந்திருக்கு சித்தப்பா. நிறுத்தினா எல்லாம் போயிடும்."

"போகட்டும்."

பின்னால் தலைவரின் குரல் பாய்ந்தது. "கையை எடு! நிறுத்தாதே! வேலையை விட்டுப் போனவன் பேச்சைக் கேட்டு இருக்கறதையும் அழிக்கப் போறியா? நாளைக்கு மூணு பேருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"என் தம்பி சார்," என்றாள் அக்கா.

பட்டென்று ஒரு விசை விழுந்த சத்தம் போன் வழியாகக் கேட்டது.

*

காரில் சித்தப்பா டையைக் கழற்றி ஜன்னல் வழியாகப் பிழிந்தார். அவ்வளவு வியர்வை. போன் வக்கீலம்மாவின் காதிலேயே இருந்தது.

"மூணு மணி ஒரு நிமிஷம். ஆரம்பிச்சாச்சு," என்றாள் அக்கா.

"எவ்வளவு?"

"பூஜ்யம்."

சிக்னல். சிவப்பு.

"இன்னும் பூஜ்யம்தான் மேடம்."

"தந்தி, ஏதாவது பேசேன்," என்றார் வக்கீலம்மா.

"பயமா இருக்கு வக்கீலம்மா," என்றான் தந்தி.

அப்போதுதான் போனுக்குள் ஒரு விம்மல். "அஞ்சு! அஞ்சு சதவீதம்! ஓடுது மேடம், ஏழு ஆயிடுச்சு!"

அவர்கள் மாடியேறியபோது ஐம்பத்திரண்டு. தலைவர் சித்தப்பாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். சித்தப்பா உட்காரவில்லை. அக்காவின் பின்னால் நின்றபடியே திரையைப் பார்த்தார்.

மூன்று நாற்பத்து மூன்றுக்கு வரைபடம் திறந்தது. பத்தாயிரம் புள்ளிகள். கடலின் தென்மேற்கில் தேனீக் கூட்டம் போல ஒன்று சேர்ந்திருந்தன.

"தென்மேற்கு," என்றார் தலைவர். "நான்... கணக்கு வரலைன்னா வடக்கே அனுப்பலாம்னு இருந்தேன்."

நாலு பத்துக்கு விமானம் கிளம்பியது.

அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. இந்த வழக்கில் அதுதான் கொடுமையான பகுதி. ஜன்னலுக்கு வெளியே மேகம் தாழ்ந்துகொண்டே வந்தது. ஐந்து மணி. ஐந்தேகால். ரேடியோவில் வெறும் கரகரப்பு. அக்கா நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தாள்.

ஐந்து இருபத்தெட்டுக்கு விமானியின் குரல் வந்தது.

"படகு தெரியுது. திரும்பவும் சொல்றேன், படகு தெரியுது. கவிழலை. மேல ரெண்டு பேர். கையாட்டறாங்க."

"மூணு பேர்," என்று தலைவர் மைக்கில் கத்தினார். "மூணு பேர் இருக்கணும்! நல்லாப் பாருங்க!"

"ரெண்டுதான் தெரியுது. தாழ்வா ஒரு சுத்து வர்றேன்."

அக்கா எழுந்து நின்றாள். வக்கீலம்மா அவள் தோளைப் பிடித்தார். அந்தத் தோள் கல்லாக இருந்தது.

கரகரப்பு விலகியது.

"மூணாவது ஆளும் இருக்கார்! தண்ணிக்குள்ள இருக்கார். படகோட பின்பக்கத்தைப் பிடிச்சுட்டு, காலை உதைச்சுத் தள்ளிட்டு இருக்கார். தனி ஆளா!" விமானியின் குரலில் ஆச்சரியம். "ஆனா ஒண்ணு. கரை இந்தப் பக்கம் இருக்கு. அவர் அந்தப் பக்கமால்ல தள்ளறார்!"

அக்கா வெடித்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றாள் மைக்கைப் பார்த்து, முகத்தை நிமிர்த்தாமல். "அவனைப் படகுல ஏறச் சொல்லுங்க. சும்மா உட்காரச் சொல்லுங்க. மீட்புப் போட் வந்துட்டு இருக்குன்னு சொல்லுங்க."